ஜென்னி கதையில் நான் சொல்லாமல் விட்டது



நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள். பாதியில் விட்டுப் போகிறவர்கள் கீழே 'சூப்பர் டீச்சர்' என்று போட வேண்டாம். யார் பாடம் படிக்காமல் வந்திருக்கிறார்கள் என்று வகுப்பிலேயே எனக்குத் தெரியும். இங்கேயும் தெரிந்துவிடும்.

போன மாதம் ஒரு ஆங்கில நாவலைப் படிக்கப் போகிறோம் என்று எழுதியிருந்தேன், நினைவிருக்கும். ஜார்ஜெட் ஹேயர் எழுதிய 'எ சிவில் கான்ட்ராக்ட்'. சனிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் ஐந்து பேர் உட்கார்ந்து படித்தோம். நான், என் ஓரகத்தி, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற என் சிநேகிதி, குடும்ப நீதிமன்றத்தில் வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவி, பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகள். நாலு வாரத்தில் புத்தகம் முடிந்தது. சண்டை முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தபோது வேறொன்றும் எழுத வேண்டியதாகிவிட்டது. கடைசியில் வருகிறேன்.

முதலில் கதை. படிக்காதவர்களுக்காக.

1814-ஆம் வருடம் இங்கிலாந்து. நெப்போலியனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆடம் என்கிற இளைஞன் வெலிங்டன் படையில் ஸ்பெயினில் போரிட்டவன், காலில் காயம் பட்டு லேசாக நொண்டி நடப்பவன். அப்பா செத்துப்போகிறார். பிரபுப் பட்டம் மகனுக்கு வருகிறது. கூடவே மலை மலையாகக் கடனும் வருகிறது. லிங்கன்ஷயரில் தலைமுறை தலைமுறையாக இருந்த வீடும் நிலமும் கையை விட்டுப் போகும் நிலை. தாயார், இரண்டு தங்கைகள் வேறு. அவனோ ஜூலியா என்ற அழகியைக் காதலிக்கிறான், அவளும் அவனைக் காதலிக்கிறாள். கடன்காரனுக்குப் பெண் கொடுக்க எந்த அப்பா சம்மதிப்பார்? காதல் அங்கேயே நின்றுபோகிறது.

ஜூலியாவின் அப்பாவே வேறு ஒரு வழி காட்டுகிறார். லண்டனில் சாலி என்று ஒரு பெரிய வியாபாரி. பணத்துக்குக் கணக்கே இல்லை, பட்டம்தான் இல்லை. ஒரே மகள், ஜென்னி. குட்டையாக, பூசினாற்போல் இருப்பாள். கூச்ச சுபாவம். அழகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆடம் அவளைக் கட்டிக்கொண்டால் கடன் தீரும், வீடு பிழைக்கும், சாலியின் மகள் பிரபுவின் மனைவி ஆவாள். ஆடம் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிக்கிறான். இதைத்தான் ஆங்கிலத்தில் வசதிக்கான கல்யாணம் என்பார்கள். நம் ஊரில் இதற்குத் தனிப் பெயரே கிடையாது. கல்யாணம் என்றுதான் சொல்வோம்.

பிறகு என்ன நடக்கிறது? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இந்த நாவலின் அழகு என்று பாதிப் பேர் சொல்வார்கள். அதுதான் குறை என்று மீதிப் பேர் சொல்வார்கள். ஜென்னி வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், எந்த நேரத்தில் தனியாக விட வேண்டும் என்று கவனித்து நடக்கிறாள். புதுமுறை விவசாயத்தின் மேல் அவனுக்கு ஆசை. அவனோடு பேசுவதற்காக அவளும் அதைத் தெரிந்துகொள்கிறாள். குழந்தை பிறக்கிறது. ஜூலியா வயதில் மூத்த ஒரு பெரிய பிரபுவை மணந்துகொள்கிறாள். கடைசிப் பக்கங்களில் ஆடம் ஜென்னியிடம் தன் அன்பைச் சொல்கிறான். ஜூலியாவிடம் இருந்தது போன்ற அன்பு இல்லை, வேறு மாதிரி, நிலைக்கிற மாதிரி. ஜென்னியும் அதை ஏற்றுக்கொள்கிறாள். தினசரி வாழ்க்கையின் சின்னச் சின்ன விஷயங்கள் போதும் என்ற எண்ணத்தோடு கதை முடிகிறது.

இதை எழுதியவரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹேயர் 1902-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். இங்கிலாந்தின் பழைய காலத்தை வைத்து ஏராளமான காதல் நாவல்கள் எழுதியவர். உடை, வண்டி, பேச்சு எல்லாவற்றையும் தோண்டித் தேடி எழுதுவார். 1934-இல் 'தி கன்வீனியன்ட் மேரேஜ்' என்று ஒன்று எழுதினார். அக்காவுக்கு வேறு காதல் இருக்கிறது என்பதற்காக, திக்கித் திக்கிப் பேசும் கடைசித் தங்கை மாப்பிள்ளையிடமே நேரில் போய், 'அக்காவுக்குப் பதில் என்னைக் கட்டிக்கொள்ளுங்கள்' என்று கேட்கும் கதை. ஒரே கலாட்டா, சிரிப்பு. 27 வருடம் கழித்து, 1961-இல், அதே வசதிக் கல்யாணத்தை எடுத்து இந்த 'சிவில் கான்ட்ராக்ட்'டை எழுதினார். இதில் கலாட்டா குறைவு. முதலாவதைப் படித்துவிட்டு அதே ருசியைத் தேடி இதற்கு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நானும் ஏமாந்தேன். 22 வயது. எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் தெப்பக்குளம் பக்கம் ஒரு வாடகை நூலகம். அங்கேதான் ஹேயர் எல்லாம் கிடைக்கும், அட்டை கிழிந்து, உள்ளே யாராவது மஞ்சள் கை வைத்த அடையாளத்தோடு. இந்தப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு அழுதேன். உருகி அழவில்லை, கோபத்தில் அழுதேன். ஜூலியாவைக் காதலித்துவிட்டு ஜென்னியோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கோதுமை விளைச்சல் பேசுவது ஒரு முடிவா? மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பெரியவர்கள் பார்த்து வைத்தது. அவரை அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருந்தேன், அதுவும் காபித் தட்டைப் பார்த்தது பாதி. பொன்மலைப் பணிமனையில் அவருக்கு வேலை. அதிகம் பேச மாட்டார். என் புத்தகங்களை அவர் தொட்டதே இல்லை. முதல் இரண்டு வருடம் நான் மனதுக்குள் ஆடம் மாதிரித்தான் இருந்தேன் என்று இப்போது சொல்வதில் வெட்கமில்லை. குறிப்பாக யாரையும் நினைத்து இல்லை. படித்த கதைகளை எல்லாம் நினைத்து.

அப்போது நாங்கள் குடியிருந்த தெருவில் விடியற்காலை நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். நான் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் பள்ளிக்கூடம். ஒரு நாள்கூட என்னை அந்தக் குழாயடிக்கு அவர் அனுப்பியதில்லை. தெருவில் மற்ற வீட்டு ஆண்கள் கேலி செய்தார்கள். அவர் பதில் சொல்லவில்லை, குடத்தை வைத்துவிட்டு அடுத்த குடத்துக்குப் போனார். 16 வருடம். தெருவுக்கு நல்ல தண்ணீர் இணைப்பு வரும் வரைக்கும்.

1996-இல் பழைய புத்தகக் கடை ஒன்றில் இந்த நாவல் மறுபடி கையில் கிடைத்தது. இந்த முறையும் அழுதேன். இது வேறு அழுகை. ஜென்னி யார் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் ஜென்னி அவர்தான்.

அன்றிலிருந்து இந்தக் கதை என் கைவசச் சரக்காகிவிட்டது. கல்யாணம் பேசுகிற வீட்டில், தயங்குகிற பெண் முன்னால், பிளஸ் டூ கடைசிப் பாடவேளையில், உறவில் யாராவது மனத்தாங்கலோடு அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தால், நான் ஜென்னி கதையைச் சொல்வேன். 'காதல் முதலில் வரணும்னு ஒண்ணும் இல்லைம்மா, நடுவிலேயும் வரும்' என்று முடிப்பேன். இதைப் படிக்கிற எத்தனையோ பேர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, இப்போது எங்கள் ஐந்து பேரின் கருத்துக்கு வருகிறேன்.

வங்கிச் சிநேகிதிக்குப் புத்தகம் ரொம்பப் பிடித்துவிட்டது. காரணம் காதல் இல்லை, கணக்கு. 'கடன், அடமானம், வட்டி எல்லாத்தையும் நேரா எழுதின காதல் கதையை நான் இப்பத்தான் பாக்கறேன்' என்றாள். அவளுக்குப் பிடித்த இடம் வாட்டர்லூ. 1815 ஜூன் 18 அன்று சண்டை நடந்தது. வெற்றிச் செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தது 21-ஆம் தேதி இரவு. நடுவில் இருந்த நாட்களில் வெலிங்டன் தோற்றுவிட்டார் என்று வதந்தி. மாமனார் பதறிப்போய், கையில் இருக்கிற அரசாங்கக் கடன்பத்திரத்தை எல்லாம் விற்றுவிடு என்று ஆடமிடம் சொல்கிறார். தன் தளபதி தோற்க மாட்டார் என்று ஆடமுக்கு நம்பிக்கை. விலை விழுந்த நேரத்தில் கடன் வாங்கியாவது மேலும் வாங்குகிறான். வெற்றிச் செய்தி வந்ததும் சொந்தமாகப் பணம் கிடைக்கிறது, மாமனார் தயவு இல்லாமல் நிற்க முடிகிறது.

'கவனிச்சியா, அதுக்கு அப்புறம்தான் அவனுக்குப் பெண்டாட்டி முகமே ஒழுங்காத் தெரியுது. கடன்பட்டவன் கண்ணுக்குக் கடன் கொடுத்தவர் மகளாத்தான் தெரிவா' என்றாள் சிநேகிதி. முப்பது வருடம் கடன் பிரிவில் இருந்தவள் சொல்கிறாள். நான் இதை இத்தனை தடவை படித்தும் யோசித்ததில்லை.

என் ஓரகத்தி வேறு மாதிரி. அவள் ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் படிப்பாள், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆனால் எங்களில் கவனமாகப் படித்தவள் அவள்தான். அவளுக்கு மாமனார் சாலியைப் பிடித்துவிட்டது. இரைந்து பேசுகிற, எல்லாரையும் அதட்டுகிற, பணத்தை அள்ளி வீசி மாப்பிள்ளையைக் கூச வைக்கிற மனிதர். ஆனால் பீங்கான் பாத்திரங்களைச் சேர்த்து வைத்து, குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்ப்பவர். 'அக்கா, எங்கப்பா இப்படித்தான். சீர் கொண்டுவந்து எறக்கும்போது உங்க கொழுந்தனார் மூஞ்சியைப் பாத்திருக்கணும்' என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, 'ஜென்னி ஒரு இடத்திலேயும் தன் மனசைச் சொல்லிக்கவே மாட்டேங்கிறாளே, அதுதான் எனக்கு வலிக்குது. சொன்னா அவனுக்குப் பாரமாயிடும்னு முழுங்கிக்கிறா. நாம முழுங்கலையா?' என்றாள். அதற்கு மேல் அன்று யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வழக்கறிஞர் மாணவி தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். 'சிவில்' என்றால் சட்டம் சார்ந்தது என்றும் பொருள், மரியாதையாக நடந்துகொள்வது என்றும் பொருள். இரண்டு பொருளையும் வைத்துத்தான் ஹேயர் தலைப்பு வைத்திருக்கிறார். ஒப்பந்தக் கல்யாணம், அதில் ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை. (இதை நான்தான் பதினொன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். நினைவில்லை, ஆனாலும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.) பிறகு அவள் தொழிலுக்குள் போய்விட்டாள்.

'டீச்சர், அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டத்துல கல்யாணம் ஆன பொண்ணுக்குத் தனியா சொத்தே கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆள், அந்த ஒரே ஆள் புருஷன். வசதியான வீட்டுல முன்கூட்டியே பத்திரம் எழுதிப் பொண்ணுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு செஞ்சுப்பாங்க, அவ்வளவுதான். 1870-லேயும் 1882-லேயும் சட்டம் வந்தப்புறம்தான் இது மாறுச்சு. அப்போ ஜென்னியோட அப்பா கொடுத்தது யாருக்கு? ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது மாமனாரும் மாப்பிள்ளையும். ஜென்னி அந்த ஒப்பந்தத்துல கட்சிக்காரி இல்லை, சரக்கு.'

இன்னொன்றும் சொன்னாள். இந்த நாவல் வந்த அதே 1961-இல்தான் நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 'அங்கே கதையா வந்துச்சு, இங்கே சட்டமா வந்துச்சு. ரெண்டையும் எல்லாரும் படிச்சாங்க' என்றாள். அந்தப் பிள்ளைக்கு வாய் அப்போதும் நீளம்.

கடைசியாக என் தம்பி மகள். வயது 29. அவள்தான் ஆரம்பத்திலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தாள். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அவளே எழுதச் சொன்னாள். 'எழுதுங்க அத்தை, அப்பாவும் படிக்கட்டும்' என்றாள். தம்பி, நீயும் படி.

அவளுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், நல்ல வேலை, ஜாதகமும் பொருந்தியிருக்கிறது. இரண்டு தடவை பேசியிருக்கிறார்கள். பையன்மேல் குறை சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. சரி என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. தம்பி எனக்கு போன் செய்தான். 'அக்கா, நீ சொன்னா கேப்பா. அந்த இங்கிலீஷ் கதையை அவகிட்டயும் சொல்லேன்' என்றான். இப்படித்தான் அந்தப் புத்தகம் எங்கள் சனிக்கிழமைக்கு வந்தது. சும்மா இலக்கிய ஆர்வத்தில் வரவில்லை. ஐந்து பேரில் நாலு பேருக்கு இது தெரியாது. அவள் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

அவள் கருத்து இது. 'அத்தை, எல்லாரும் ஆடம் பாவம்னு ஆரம்பிச்சு, ஜென்னி எவ்வளவு நல்லவன்னு முடிக்கறீங்க. ஜென்னியை யாரும் சௌகரியமா வெச்சுக்கலையே. அவ பிரசவத்துல கஷ்டப்படும்போதுகூட மத்தவங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நினைக்கறா. முடிவுல அவளுக்குக் கிடைச்சது ரெண்டாவது இடம். அதை முதல் பரிசு மாதிரி கையில கொடுத்துப் படம் பிடிக்கறாங்க.'

நான் விடவில்லை. ஆடம் ஒரு இடத்தில்கூட அவளை அவமதிக்கவில்லையே, ஜூலியாவைக் கட்டியிருந்தால் அந்தச் சேற்று நிலத்தில் இரண்டு வருடம் தாங்கியிருப்பாளா என்று அவனுக்கே கடைசியில் புரிகிறதே, அது காதல் இல்லையா என்று வாதாடினேன். ஆசிரியையாக இருந்தவளுக்கு வாதத்தில் தோற்கத் தெரியாது. அந்தச் சனிக்கிழமை நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன்.

மறு வாரம் புதன்கிழமை ஒரு போன். 1998-இல் என்னிடம் பிளஸ் டூ படித்த பெண். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதுங்கள், பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள். தயவுசெய்து யாரும் கீழே வந்து 'இவளா அவளா' என்று ஊகிக்க வேண்டாம். அப்படி எழுதினால் அழித்துவிடுவேன்.

அவள் என் பதிவைப் பார்த்துவிட்டு அந்த நாவலைத் தேடிப் படித்திருக்கிறாள். 2001-இல் அவளுக்கு வரன் வந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்று, 'டீச்சர், எனக்குப் பிடிச்சிருக்கா பிடிக்கலையான்னே தெரியலை' என்று கேட்டாளாம். நான் உட்கார வைத்து ஜென்னி கதையைச் சொன்னேனாம். அவள் வீட்டுக்குப் போய் சரி என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. அவளுக்கு நான் கட்டியிருந்த புடவை நிறம்கூட நினைவிருக்கிறது.

'டீச்சர், முழுசாப் படிச்சேன். நீங்க அன்னிக்குச் சொன்ன கதையில ஒண்ணை விட்டுட்டீங்க' என்றாள்.

என்னம்மா என்றேன்.

'ஜென்னிக்கு அவனை முன்னாடியே பிடிக்கும் டீச்சர். ஜூலியாவோட பள்ளிக்கூடத்துல படிச்சவ, அந்த வீட்டுல அவனைப் பாத்திருக்கா, மனசுக்குள்ள ஆசை வெச்சிருக்கா. அவளுக்கு அது வசதிக் கல்யாணம் இல்லை. அவளுக்கு அது காதல் கல்யாணம். எனக்கு அப்படி இல்லையே.'

நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆமாம். அது கதையில் இருக்கிறது. ஹேயர் அதை உரக்கச் சொல்வதில்லை, அங்கங்கே கசிய விடுகிறார், கவனித்துப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். 1996-லிருந்து தெரியும். ஆனால் கதை சொல்லும்போது அதை எடுத்துவிடுவேன். வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன். கதை அப்போதுதான் நேராக நிற்கும். இரண்டு பேருக்கும் பிடிக்காமல் கல்யாணம் ஆனது, பிறகு பிடித்தது என்றால்தான் கேட்கிற பெண்ணுக்கு நம்பிக்கை வரும். ஒருத்தி ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள், அந்த ஆசை இருந்ததால்தான் அவ்வளவு நாள் பொறுத்தாள் என்று சொன்னால் அது அறிவுரைக்கு உதவாது.

ஜென்னி ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பிடித்ததைப் பார்த்துப் பார்த்துச் செய்ததற்கு அவள் மனதில் ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாத பெண்ணிடம் போய், 'நீயும் அப்படிச் செய், தானாக வரும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

'உன் வீட்டுக்காரர் எப்படிம்மா?' என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

'கெட்டவர் இல்லை டீச்சர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் வெச்சதில்லை. ஆனா சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு 23 வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை. நான் ஊருக்குப் போனா எப்ப வருவேன்னு கேப்பார், ஏன்னா சாவி எங்கே வெச்சேன்னு தெரியணும். அவ்வளவுதான். இதை யார்கிட்ட புகார்னு சொல்றது? நானும் வரும் வரும்னு பாத்தேன் டீச்சர். உங்க கதையை நினைச்சுக்கிட்டுத்தான் பாத்தேன்.'

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. 'நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க' என்றாள். பிறகு மகள் கல்லூரி சேர்ந்ததைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி எல்லாம் பேசிவிட்டு வைத்தாள்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் இருக்கிற நாவலைப் பற்றிய கருத்தும் அதுதான்.

நாவல் நல்ல நாவல். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. காதல் என்றால் படபடப்பு மட்டும்தான் என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும்போது, சாப்பாட்டு மேஜையையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்து ஒரு காதல் கதை எழுத தைரியம் வேண்டும். ஆனால் அது ஒரு ஆண், ஒரு பெண், ஒரு வீட்டின் கதை. அவன் அடிப்படையில் கண்ணியமானவன். அவள் அவனை ஏற்கெனவே விரும்பியவள். கடைசியில் பணக் கடனும் தீர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததால் அங்கே அன்பு வளர்ந்தது. மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் வேறு கதை. நாவலாசிரியை இந்த மூன்றையும் ஒளிக்காமல்தான் எழுதியிருக்கிறார். நான்தான் மூன்றையும் கழித்துவிட்டு, முடிவை மட்டும் எடுத்து எல்லார் வீட்டுக்கும் பொதுவாக்கினேன்.

ஏன் செய்தேன் என்று இந்த ஒரு வாரமாக யோசிக்கிறேன். என் வீட்டில் அது வந்தது. விடியற்காலை நாலு மணிக் குடத்தில் வந்தது. எனக்கு வாய்த்தது ஒரு நல்ல மனிதர். அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பார்க்கப் போனால் பொறுத்தவரும் செய்தவரும் அவர்தான். பலன் எனக்கு வந்தது. எனக்கு வாய்த்ததை விதி என்று நினைத்துப் பாடமாக நடத்திவிட்டேன். அதுவும் கவனியுங்கள், எங்கள் வீட்டு ஜென்னி ஆண். ஆனால் ஒரு பையனிடமாவது இந்தக் கதையைச் சொல்லி, 'நீ ஜென்னி மாதிரி இரு' என்று சொல்லியிருக்கிறேனா? இல்லை. பெண் பிள்ளைகளிடம் மட்டும்தான் சொன்னேன். என் பெரியப்பா மகன்கள், அக்கா மகன்கள் எத்தனை பேர் கல்யாணத்தில் முன்னால் நின்றிருக்கிறேன். ஒருவனிடமும் சொல்லத் தோன்றவில்லை.

நம் தமிழிலும் இந்த வகைக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. கட்டாயத்தில் கல்யாணம், ஒரே வீட்டில் இரண்டு பேர், முறைப்பு, பிறகு காய்ச்சல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது, பிறகு காதல். வார இதழில் வந்தது, மாத நாவலில் வந்தது, இப்போது செல்போனில் தொடராக வருகிறது. படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். நானே படிக்கிறேன். கதையில் அது நடக்கும், ஏனென்றால் எழுதுகிறவர் நடத்தி வைப்பார். வீட்டில் யார் நடத்தி வைப்பது என்று கேட்டுக்கொண்டு படியுங்கள்.

போன சனிக்கிழமை தம்பி மகளிடம் தனியாகப் பேசினேன். 'நான் தோத்துட்டேன்மா' என்று ஆரம்பித்தேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. மாணவி சொன்னதைச் சொன்னேன். சரி என்று சொல், வேண்டாம் என்று சொல் என்று நான் எதுவும் சொல்லவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கொடுத்தேன். பழக்கதோஷம், கேள்வித்தாள் தயாரிக்காமல் இருக்க முடியாது.

ஒன்று, இந்தக் கல்யாணம் யாருக்கு வசதி? அப்பாவுக்கா, அவருக்கா, உனக்கா? மூன்று பேருக்கும் என்றால் சரி.

இரண்டு, அவரிடம் உனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்க முடிகிறதா? கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்தது? ஜென்னி மாதிரி முழுங்கிக்கொண்டு ஆரம்பிக்காதே.

மூன்று, இப்போது இருப்பது இருக்கிறபடியே முப்பது வருடம் இருந்தால், ஒன்றும் புதிதாக வராவிட்டால், உனக்குச் சம்மதமா? 'பிறகு வரும்' என்பதைக் கணக்கில் சேர்க்காமல் பதில் எழுது.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஜேன் ஆஸ்டின்கூட ஒரு ராத்திரி எடுத்துக்கிட்டாங்க இல்ல அத்தை?' என்றாள். நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன். 1802 டிசம்பரில், 27 வயது நிறையப் போகிற சமயத்தில், வசதியான ஒரு வீட்டுப் பையன் கேட்டு ஆஸ்டின் சம்மதம் சொல்லிவிட்டார். ராத்திரி முழுக்க என்ன யோசித்தாரோ, காலையில் எழுந்து முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் எழுதிய நாவல் ஒன்றில் 27 வயது ஷார்லட் அப்படி ஒரு வரனுக்குச் சரி என்று சொல்லிவிடுகிறாள். அவளையும் ஆஸ்டின் திட்டவில்லை.

'ஒரு ராத்திரி என்ன, ஒரு மாசம் எடுத்துக்கோ' என்றேன். தம்பி, இதை நீ கவனமாகப் படி. ஒரு மாதம். அதற்குள் அவளுக்கு போன் செய்து சரியா சரியா என்று கேட்காதே. பையன் வீட்டில் கேட்டால் நான் பேசுகிறேன். அவள் சரி என்று சொன்னால் முதல் ஆளாக வந்து பந்தலில் நிற்பேன். வேண்டாம் என்று சொன்னாலும் அக்கா உன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

இனி என் பழைய பிள்ளைகளுக்கு. ஆசிரியர் அறையிலோ, மரத்தடியிலோ, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த வீட்டுக் கூடத்திலோ நான் ஜென்னி கதை சொல்லி அனுப்பியவர்கள் இதைப் படித்தால், நான் சொன்னது முழுக் கதை இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். சொன்னபடி நல்லபடியாக வந்தவர்கள் சந்தோஷமாக இருங்கள், பெருமை உங்களுடையதும் உங்கள் வீட்டுக்காரருடையதும்தான், என்னுடையது இல்லை. வராதவர்கள் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பொதுவில் எழுத வேண்டாம். என் நம்பர் மாறவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன். இந்த முறை நான் கதை சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள்.

பையன்களும் இதைப் படிப்பீர்கள், தெரியும். இன்று ராத்திரி சாப்பாடு எப்படி இருந்தது என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருங்கள். முடிந்தால் நாளைக்கு நீங்களே சமையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை என்ன புத்தகம் என்று இன்னும் முடிவாகவில்லை. வங்கிச் சிநேகிதி துப்பறியும் கதை வேண்டும் என்கிறாள். அதிலாவது யாருக்கும் அறிவுரை சொல்ல முடியாது என்று கேலி வேறு.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்